ஒன்பது பெட்டைகளும் ரூ. 1,500 செலவும்: படம் பார்த்துக் கோழி இனம் சொல்லும் சேவை குறித்து

வீட்டுக் கோழிகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அவை என்ன இனம், எந்தெந்த இனங்களின் கலப்பு என்று சொல்லும் சேவை ஒன்றைக் கடந்த ஐப்பசியில் பயன்படுத்தினேன். கோழி ஒன்றுக்கு ரூ. 150 கட்டணம். என் வீட்டுப் பெட்டைகள் ஒன்பதையும் அனுப்பினேன். பிறகு, அவற்றில் ஒன்றையே வேறு பெயரில் பத்தாவது கோழியாக இன்னொரு முறை அனுப்பினேன். ஆக மொத்தம் ரூ. 1,500 செலவாயிற்று. இந்த ஓராண்டில் அந்தக் கோழிகள் இட்ட முட்டை, அமர்ந்த அடை, பொரித்த குஞ்சு எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் குறிப்பேட்டையும் சேவை தந்த அறிக்கைகளையும் அருகருகே வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நடத்துபவர்களின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. இதே முறையில் பணம் வாங்கிக்கொண்டு இனம் சொல்பவர்கள் இப்போது பலர் இருப்பதால், இங்கே சொல்பவை மற்றவர்களை மதிப்பிடவும் உதவும்.

என் வீடு உடுமலைப்பேட்டைப் பக்கம், தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. கோழிகள் பகலெல்லாம் தோப்பில் மேய்ந்துவிட்டு இருட்டுவதற்குள் கூண்டுக்குத் திரும்பும் வழக்கமான புறக்கடை வளர்ப்புதான். இனம் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அடைமுட்டை விற்பனையால் வந்தது. அக்கம்பக்கத்தில் அடை வைக்க முட்டை கேட்பவர்கள் இப்போதெல்லாம் ‘சிறுவிடைதானே, கலப்பில்லையே’ என்று கேட்ட பிறகுதான் விலையைப் பேசுகிறார்கள். சிறுவிடை என்பது உருவில் சிறிய நாட்டுக்கோழி. சிறுவிடை முட்டை என்றால் ஒரு விலை, கலப்பு என்றால் அதில் பாதி. என் பெட்டைகளில் சில இங்கேயே பொரித்தவை, சில சந்தையில் வாங்கியவை, இரண்டு உறவினர் கொடுத்தவை. எது சிறுவிடை, எது இல்லை என்று உறுதியாகச் சொல்ல எனக்குத் துணிவில்லாததால், தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது என்று நினைத்தேன்.

சேவை நடக்கும் முறையில் குறை சொல்ல எதுவும் இல்லை. பணம் கட்டியவுடன் ஒரு படிவம் வருகிறது. பக்கவாட்டில் முழு உடல், தலை, கால், விரித்த இறக்கை, ஒரு ரூபாய் நாணயத்தின் அருகில் வைத்த முட்டை என ஐந்து படங்கள் கேட்கிறார்கள். மங்கலான படத்தைத் திருப்பி அனுப்பி வேறு படம் கேட்டதைப் பார்த்தபோது, கவனமாகத்தான் பார்க்கிறார்கள் என்ற நம்பிக்கை பிறந்தது. மூன்றாம் நாள் கோழி ஒன்றுக்கு ஒரு பக்கமாக பி.டி.எஃப். வந்தது. மேலே தங்க நிறக் கட்டத்துக்குள் இனப்பெயரும் விழுக்காடும் இருந்தன, கீழே சிறிய எழுத்தில் உடல் அடையாளங்களின் விவரம் இருந்தது. பணம் கட்டியவர்கள் எல்லோரும் பார்ப்பது அந்தத் தங்க நிறக் கட்டத்தைத்தான், நானும் முதலில் அதைத்தான் பார்த்தேன்.

அந்த விழுக்காட்டிலிருந்தே தொடங்குகிறேன். ‘சிறுவிடை 60, அசில் 30, கடகநாத் 10’ என்பது போல எல்லா அறிக்கையிலும் நூற்றுக்குக் கணக்கு போட்டிருந்தார்கள். அசில் என்பது சண்டைக்கோழி இனம், கடகநாத் என்பது கறுப்புக் கோழி இனம். படத்தைப் பார்த்து இப்படிக் கணக்குப் போட வழியே இல்லை. குஞ்சுக்குத் தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி வருகிறது என்பது உண்மை. ஆனால் பாட்டன் பாட்டியின் பங்கு சராசரியாகக் கால்வாசி என்றாலும், ஒவ்வொரு குஞ்சுக்கும் அது கூடும் அல்லது குறையும். இரண்டு மூன்று தலைமுறை கலந்து போன கோழியில் எந்தப் பங்கு எங்கிருந்து வந்தது என்பதை மரபணுச் சோதனை செய்து, சுத்த இனக் கோழிகளின் மாதிரிகளோடு ஒப்பிட்டால்தான் ஓரளவு சொல்ல முடியும். படத்தில் தெரிவது வெளியே காட்டிக்கொள்ளும் ஒரு சில மரபணுக்கள் மட்டுமே. மறைந்திருப்பவை படத்தில் விழாது. ஒற்றைக் கொண்டை இல்லாத சேவலுக்கும் பெட்டைக்கும் பிறந்த குஞ்சுகளில் ஒற்றைக் கொண்டை தலைகாட்டுவதைக் கோழி வளர்ப்பவர்கள் பார்த்திருப்பார்கள். பெற்றோரின் பண்புகள் குட்டிகளுக்கு எப்படிப் போகின்றன என்று சொல்லும் மெண்டலின் விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதை ஆங்கிலேய அறிவியலாளர் வில்லியம் பேட்சன் 1902இல் காட்டியதே கோழிக் கொண்டைகளை வைத்துத்தான். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே தெளிவான ஒன்றை மறந்துவிட்டு, தங்கக் கட்டத்துக்குள் ‘60’ என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி ஒவ்வொரு கோழியாகப் பார்க்கலாம். எல்லாவற்றையும் ஒரே அளவில் விவரிக்கத் தேவையில்லை. சோதித்துப் பார்க்க முடிந்தவற்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

கழுத்தில் இறகில்லாத பெட்டை ஒன்று என்னிடம் உண்டு. கழுகுக்கோழி என்றும் கிராப்புக்கோழி என்றும் சொல்வார்கள். இதன் தாய் என் வீட்டுக் கீரி நிறப் பெட்டை, அதன் கழுத்து நிறைய இறகு உண்டு. தகப்பன் பக்கத்துத் தோட்டத்துக் கழுத்து மொட்டைச் சேவல். அதாவது பிறப்பு எனக்கு ஐயமறத் தெரிந்த கோழி இது ஒன்றுதான், சோதனைக்காகவே இதை அனுப்பினேன். அறிக்கை ‘சுத்தக் கழுகுக்கோழி 100 விழுக்காடு’ என்றது. ஆனால் இந்தப் பெட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால், கழுத்தின் முன்புறம் இரைப்பைக்குச் சற்று மேலே, சட்டையில் குத்திய பூப் போல ஒரு சிறு இறகுக் குஞ்சம் தனியாக நிற்பது தெரியும். அந்தக் குஞ்சம்தான் சாட்சி. கழுத்து மொட்டைக்கான மரபணு பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்திருந்தால் கழுத்து ஏறக்குறைய முழுதும் வெறுமையாக இருக்கும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் இந்தக் குஞ்சம் நிற்கும். நான் அனுப்பிய படத்தில் குஞ்சம் தெளிவாகவே தெரிந்தது. அறிக்கையின் கீழ்ப்பகுதியில் ‘கழுத்தின் முன் இறகுக் கொத்து உண்டு’ என்று அவர்களே எழுதியும் இருந்தார்கள். எழுதியவர் ஒருவர், தங்கக் கட்டத்தை நிரப்பியவர் வேறொருவர் போலும். பிறகு இந்தப் பெட்டையை, கழுத்து நிறைய இறகுள்ள சேவலோடு சேர்த்து அடை வைத்ததில் 11 குஞ்சுகள் பொரித்தன. ஆறு மொட்டைக் கழுத்து, ஐந்து சாதாரணக் கழுத்து. இது சுத்தமாக இருந்திருந்தால் பதினொன்றும் மொட்டைக் கழுத்தாகவே வந்திருக்க வேண்டும்.

அடுத்தது கருங்கால் பெட்டை. உடல் கருமை கலந்த கீரி, கால்கள் சிலேட்டுப் பலகை நிறம். ‘கடகநாத் 75 விழுக்காடு’ என்று அறிக்கை வந்தது. இந்த ஒரு வரியைத்தான் பணமாக்கலாம் என்பதால் இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியைச் சேர்ந்த கடகநாத்துக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, நம் பக்கத்தில் கறுப்பாக எது நடந்தாலும் கடகநாத் ஆகிவிடுகிறது. கடகநாத்தின் கருமை காலோடு நிற்பதில்லை. தோல், கொண்டை, தாடை, நாக்கு, எலும்பின் மேலுறை, உள்ளுறுப்புகள் வரை கருமை பரவியிருக்கும். 20ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி இரட்டித்துப் போனதால், கரு வளரும்போதே நிறச் செல்கள் உடலெங்கும் பெருகிவிடுவதே இதற்குக் காரணம். சாதாரண நாட்டுக்கோழியின் கறுத்த காலுக்கு இந்த இரட்டிப்பு தேவையில்லை. செதிலுக்குக் கீழே காலின் உள்தோலில் மட்டும் கருமை தங்கினாலே கால் சிலேட்டு நிறமாகிவிடும்.

ஒரு நாள் காலை அந்தப் பெட்டையை மடியில் வைத்துக்கொண்டு அலகைப் பிரித்துப் பார்த்தேன். நாக்கு இளஞ்சிவப்பு. முகமும் கொண்டையும் நல்ல சிவப்பு. மார்பு இறகை ஊதி விலக்கிப் பார்த்தால் தோல் வெள்ளை. கருமை பரவாமல் தடுக்கும் மரபணு ஒன்று கோழிகளில் உண்டு, கடகநாத்தைக் கலப்புச் செய்யும்போது சில குஞ்சுகள் வெளுத்துப் போவது அதனால்தான் என்று யாராவது வாதிடலாம். ஆனால் அந்தத் தடுப்பு மரபணு இருந்தால் முதலில் கால்தான் வெளுக்கும். இதன் கால் கறுத்திருப்பதால் தடுப்பு இல்லை. தடுப்பு இல்லாதபோது, கடகநாத்தின் அந்த இரட்டிப்பு இதனிடம் இருந்திருந்தால் நாக்கும் முகமும் கறுத்தே இருக்க வேண்டும். ஆகவே அது இல்லை. முன்னோரில் எப்போதோ ஒரு கடகநாத் இருந்திருக்க முடியாது என்று நான் சொல்லவில்லை, ‘75’ என்பதற்கு இடமில்லை என்கிறேன். தலைப்படத்தில் சிவந்த முகம் தெரிந்தும் காலை மட்டும் பார்த்து எழுதியிருக்கிறார்கள். வாயைத் திறந்து ஒரு படம் எடுக்கச் சொல்லியிருந்தால் இந்தத் தவறு நேர்ந்திருக்காது, ஆனால் படிவத்தில் நாக்குக்கு இடமில்லை.

இந்த அறிக்கை வந்த செய்தி எப்படியோ பரவி, தெரிந்த வியாபாரி ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். ‘அந்தச் சான்றை எனக்கு அனுப்புங்கள் அண்ணா, முட்டைக்கு நல்ல விலை வாங்கித் தருகிறேன்’ என்றார். கோழியைப் பார்க்க வேண்டும் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அனுப்பவில்லை.

நெட்டைக் கால் பெட்டையின் விஷயத்தில் சேவை பாதி சரி. நிமிர்ந்த நடை, நீண்ட கழுத்து, உடலோடு ஒட்டிய இறகு, தாடை இருக்கிறதா என்று தேட வேண்டிய முகம், பட்டாணிகளை மூன்று வரிசையாகப் பதித்தாற்போன்ற தாழ்ந்த கொண்டை. எங்கள் பக்கத்தில் யாரும் ஒரே பார்வையில் பெருவிடை, அதாவது அசில் வகை, என்று சொல்லிவிடுவார்கள். அறிக்கையும் ‘அசில் கலப்பு’ என்றது. வந்த இரண்டாம் நாளே மற்ற எல்லாப் பெட்டைகளையும் தீவனத் தட்டிலிருந்து விரட்டிவிட்டதைப் பார்த்தால் அதன் குணமும் அதற்குப் பொருந்தும். ஆனால் பட்டாணிக் கொண்டை ஒன்றை மட்டும் வைத்து அசில் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பிரம்மா என்ற பெரிய அயல் இனக் கோழிக்கும் அதே கொண்டைதான். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உருவான கார்னிஷ் கோழிக்கும் அதே கொண்டை. அந்தக் கார்னிஷே நம் அசிலைக் கடல் கடந்து கொண்டுபோய் உருவாக்கியதுதான். அதனால் அங்கே அதற்கு ‘இந்தியன் கேம்’ என்று பெயர். பிராய்லர் இனங்களின் மூதாதைகளில் கார்னிஷும் ஒன்று என்பதால், இங்கிருந்து போன கொண்டை, பிராய்லர் கலப்பு வழியாகச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கவும் இடமுண்டு. என் பெட்டைக்கு மார்பு ஒடுங்கி, கால் நீண்டிருப்பதால் நேரடி அசில் வழி என்று நான் நம்புகிறேன். அறிக்கையில் இந்தக் காரணம் எதுவும் இல்லை, முடிவு மட்டும் இருக்கிறது.

வெள்ளைப் பெட்டைதான் நான் இரண்டு முறை அனுப்பிய கோழி. முதல் முறை காலை வெயிலில் வலப்பக்கமாக எடுத்த படம், ‘வெள்ளை லெகார்ன் கலப்பு’ என்றார்கள். நான்கு நாள் கழித்து, மாலையில் தென்னை நிழலில் இடப்பக்கமாக எடுத்து, என் மைத்துனரின் எண்ணிலிருந்து அனுப்பியபோது ‘சிறுவிடை, வெள்ளை வகை, 80 விழுக்காடு’ என்று வந்தது. முதல் பதில்தான் சரி என்பது என் கருத்து, அதற்கு மூன்று அடையாளங்கள் இருக்கின்றன. வெள்ளை இறகின் இடையிடையே மிளகு தூவினாற்போல் கரும்புள்ளிகள் இருக்கின்றன. முட்டைப் பண்ணைகளில் வளர்க்கும் லெகார்னின் வெள்ளை, மற்ற நிறங்களை அடக்கி ஆளும் வெள்ளை. நிறக் கோழியோடு கலந்தால் அது முழுதும் அடக்க முடியாமல் இப்படிப் புள்ளி விடும். இரண்டாவது, காது மடல் வெள்ளை. மூன்றாவது, கத்திப்பூ என்று எங்கள் பக்கம் சொல்லும் ஒற்றைக் கொண்டை பெரிதாக வளர்ந்து ஒரு கண்ணின் மேல் சாய்ந்து கிடக்கிறது. நாமக்கல் பக்கத்து முட்டைப் பண்ணைகளிலிருந்து கழித்துவிடும் கோழிகள் ஊர் ஊராக விற்பனைக்கு வருவதும், அவை ஊர்ச் சேவல்களோடு சேர்வதும் நமக்குத் தெரிந்ததே. ஒரு மாதத்தில் 21 முட்டை இட்டு, ஓராண்டாக ஒரு முறைகூட அடைக்கு உட்காராத கோழியைச் சிறுவிடை என்று எந்தப் பாட்டியும் ஒப்புக்கொள்ள மாட்டார். இரண்டாம் படத்தில் நிழல் விழுந்து காது மடல் சாம்பலாகத் தெரிந்தது, கொண்டை மறுபக்கம் சாய்ந்து சிறிதாகத் தெரிந்தது. வெளிச்சமும் பக்கமும் மாறினால் மாறிவிடும் தீர்ப்புக்கு எதற்கு ரூ. 150?

இங்கேதான் படிவத்தின் பெரிய குறையைச் சொல்ல வேண்டும். கோழியின் எடை என்ன, வயது என்ன, அடை அமருமா, ஓர் ஈட்டில் எத்தனை முட்டை இடும் என்று ஒரு கேள்வியும் இல்லை. சிறுவிடையைக் காட்டிக்கொடுப்பவை இவைதான், நிறத்தில் எதுவும் இல்லை. சிறுவிடையில் கீரி உண்டு, செவலை உண்டு, சாம்பல் உண்டு, கறுப்பு உண்டு. என்னிடமுள்ள இரண்டு கீரிப் பெட்டைகளும் தலா ஒன்றேகால் கிலோவைத் தாண்டவில்லை. பதின்மூன்று பதினான்கு முட்டை இட்டவுடன் கேறுவதை நிறுத்திவிட்டு, இறகைச் சிலிர்த்துக்கொண்டு மண்சட்டியில் அமர்ந்துவிடும். 21ஆம் நாள் குஞ்சுகளோடு எழும். பருந்து நிழல் தரையில் விழுந்தால் ஒரே குரலில் குஞ்சுகளை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். இவற்றுக்கு அறிக்கை தந்தது ‘சிறுவிடை 60’, ‘சிறுவிடை 55’. வெள்ளைக் கலப்புக்கு 80, இவற்றுக்கு 60!

பெருத்த செவலையை ‘பெருவிடை’ என்று எழுதியிருந்தார்கள். ஆறாம் மாதத்தில் 2.4 கிலோ நின்ற கோழி அது. எடையைப் பார்த்து அப்படி எண்ணத் தோன்றும்தான், ஆனால் எடையை அவர்கள் கேட்கவே இல்லை. குட்டையான தடித்த கால், தளர்ந்த இறகு, ஒற்றைக் கொண்டை, பழுப்பு நிறப் பெரிய முட்டை என்று எதிலும் பெருவிடைச் சாயல் கிடையாது. புறக்கடை வளர்ப்புக்கென்றே ஆராய்ச்சி நிலையங்களில் உருவாக்கிய கோழிகளின் வழி வந்தது என்பது என் ஊகம். பெங்களூரில் உருவான கிரிராஜா, ஐதராபாத்தில் உருவான வனராஜா, கிராமப்பிரியா, சென்னை நந்தனத்தில் உருவான நந்தனம் கோழி என்று பல கோழிகள் பல ஆண்டுகளாகக் கிராமங்களில் கலந்து கிடக்கின்றன. இவற்றுள் பலவற்றுக்குப் பல நிற இறகு வேண்டும் என்று திட்டமிட்டே உருவாக்கினார்கள். கிராமத்து மக்கள் வெள்ளைக் கோழியை நாட்டுக்கோழியாக மதிப்பதில்லை, பருந்தின் கண்ணிலும் வெள்ளை எளிதில் படும். நாட்டுக்கோழி போலத் தோன்ற வேண்டும் என்றே உருவாக்கிய கோழியை, தோற்றத்தை வைத்து இனம் பிரிக்க முயல்வது வீண் வேலை.

மீதி இரண்டையும் விரைவாகச் சொல்லிவிடலாம். உடலெங்கும் கறுப்பும் வெள்ளையுமாகக் குறுக்குக் கோடு ஓடும் பெட்டையை ‘பிளைமவுத் ராக்’ என்ற அமெரிக்க இனம் என்றார்கள். அந்தக் கோட்டுக்கான மரபணு பெட்டைக்குத் தகப்பனிடமிருந்து மட்டுமே வரும் என்பதால், இதன் தகப்பனிடம் அந்த மரபணு இருந்தது என்பது வரை உறுதி. அதற்கு மேல் பெயர் சூட்டுவது அவரவர் விருப்பம். காலின் வெளிவிரலில் நெல்மணி நீளத்துக்கு நான்கைந்து இறகு முளைத்திருக்கும் பெட்டைக்கு ‘பிரம்மா 50’ கிடைத்தது. கால் மயிர் பிரம்மாவுக்கும் உண்டு, கொச்சின் என்ற இன்னோர் அயல் இனத்துக்கும் உண்டு, இப்போது சந்தையில் திரியும் அழகுக் கோழிகள் பலவற்றுக்கும் உண்டு.

மஞ்சள் கால் பற்றியும் ஒரு வார்த்தை. ஒன்பதில் ஐந்து கோழிகளுக்குக் கால் மஞ்சள். எல்லா அறிக்கையிலும் ‘மஞ்சள் கால்: அயல் இனக் கலப்பின் அறிகுறி’ என்று ஒரே வரியை ஒட்டியிருந்தார்கள். இது தலைகீழ். வீட்டுக் கோழியின் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்றாலும், மஞ்சள் தோலுக்கான மரபணு மட்டும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. சாம்பல் காட்டுக்கோழி தென்னிந்தியாவின் பறவை. ஆனைமலை அடிவாரத்தில் விடியற்காலையில் நின்றால் அதன் விட்டுவிட்டுக் கூவும் குரல் இப்போதும் கேட்கும். உலகெங்கும் உள்ள மஞ்சள் கால் கோழிகள் இங்கே கிளைத்த ஒரு கலப்பைச் சுமந்துகொண்டு திரிகையில், உடுமலைக் கோழியின் மஞ்சள் காலை அயல் இனத்தின் அறிகுறி என்று எழுதுவது எனக்குச் சிரிப்பையே தந்தது.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, நல்லதையும் அதே அளவு நேர்மையோடு சொல்ல வேண்டும். அறிக்கையின் கீழ்ப்பாதியில் சிறிய எழுத்தில் இருந்த உடல் அடையாள விவரங்கள் பெரும்பாலும் துல்லியமாக இருந்தன. கொண்டை வகை, காது மடல் நிறம், கால் நிறம், விரல் எண்ணிக்கை, இறக்கை இறகின் வரிசை என்று நான் ஓராண்டாகப் பார்த்தும் கவனிக்காதவற்றைக் குறித்திருந்தார்கள். அதைவிடவும் பயனுள்ள ஒன்று கால் படத்தால் கிடைத்தது. கோடு போட்ட பெட்டையின் காலில் செதில்கள் மேலே தூக்கிக்கொண்டு, இடையில் வெண்பொடி படிந்திருப்பதைக் கண்டு, ‘இது வயதால் வந்த சொரசொரப்பு அல்ல, செதிலுக்கு அடியில் வாழும் உண்ணியால் வருவது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, செதிலைப் பிய்க்காமல், சில நாளுக்கு ஒரு முறை எண்ணெய் தடவி வாருங்கள், கூண்டின் பரண் கம்பையும் சுத்தம் செய்யுங்கள்’ என்று எழுதியிருந்தார்கள். நான் வேப்பெண்ணெயைத் தேங்காயெண்ணெயில் கலந்து தடவினேன். ஐந்தாம் வாரத்தில் பழைய செதில் உதிர்ந்து கால் பளபளப்பானது. மற்ற கோழிகளுக்குப் பரவுவதற்கு முன் பிடித்துக்கொடுத்த அந்த ஒரு பத்திக்காக மட்டும் ரூ. 150 கொடுக்கலாம். இத்தனை கூர்மையாகப் பார்க்கத் தெரிந்தவர்கள், பார்த்ததை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தியிருந்தால் இந்தச் சேவையை எல்லோருக்கும் பரிந்துரைத்திருப்பேன்.

ஓர் இனத்தை இனம் என்று சொல்லக் காரணம், அது தன்னைப் போலவே குஞ்சு தருவதுதான். அசில், கடகநாத், தலச்சேரி, நிக்கோபாரி என்று கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள அமைப்பு பதிவு செய்திருக்கும் கோழிகளுக்கு அந்த உறுதி உண்டு. என் கழுத்து மொட்டைப் பெட்டை ஆறுக்கு ஐந்தாகப் பிரித்துக் கொடுக்கிறது. கலப்புக் கோழிக்கு அடையாளங்கள் உண்டு, அவற்றைப் பட்டியலிடலாம். இனப்பெயரைத்தான் தர முடியாது. நடத்துபவர்களுக்கு இது தெரியாமலில்லை என்பதற்கு அறிக்கையின் கீழ்ப்பாதியே சான்று. ஆனால் அடையாளப் பட்டியலுக்குப் பணம் கொடுக்க ஆள் வராது, பெயருக்கு வரும். முட்டை விலையும் அந்தப் பெயரில்தான் தொங்குகிறது.

அடைமுட்டை விற்பதற்காக நான் இப்போது செய்வது எளிது. இரண்டு கீரிப் பெட்டைகளையும் ஒரு கீரிச் சேவலையும் கம்பி வலைக்குள் தனியாகப் பிரித்துவிட்டேன். பழைய சேவலின் கலப்பு முட்டையில் தங்கியிருக்கக் கூடும் என்பதால் முதல் மூன்று வாரத்து முட்டைகளை வீட்டுக்கு வைத்துக்கொண்டேன். முட்டை கேட்டு வருபவர்களுக்குத் தாயையும் சேவலையும் சென்ற ஈட்டுக் குஞ்சுகளையும் காட்டுகிறேன். சுத்தச் சிறுவிடை என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. அளவில் சிறியது, தவறாமல் அடை அமரும், குஞ்சைக் காக்கும் என்று சொல்கிறேன். விலையில் ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் குறைகிறது, வாங்கியவர்கள் மறுபடியும் வருகிறார்கள்.

இந்தச் சேவையை நீங்கள் பயன்படுத்த நினைத்தால், எல்லாக் கோழிகளுக்கும் பணம் கட்டாதீர்கள். நோய் ஐயம் உள்ள ஒன்றிரண்டை மட்டும் அனுப்புங்கள். படங்களைக் காலை வெளிச்சத்தில், நிழல் விழாமல், இரண்டு பக்கமும் எடுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் நாக்கையும், ஊதி விலக்கிய மார்புத் தோலையும் எடுத்துச் சேர்த்துவிடுங்கள். எடை, வயது, அடை விவரங்களைத் தனிச் செய்தியாக எழுதிவிடுங்கள். அறிக்கை வந்ததும் கீழிருந்து மேலாகப் படியுங்கள்.

வெள்ளைப் பெட்டையின் இரண்டு அறிக்கைகளையும் ஒன்றாக இணைத்து அவர்களுக்கே அனுப்பி விளக்கம் கேட்டேன். மறுத்து வாதிடவில்லை, மரியாதையாகவே பதில் எழுதினார்கள். ஒரு கோழிக்கான பணத்தைத் திருப்பித் தருவதாகவும், திருத்திய அறிக்கை அனுப்புவதாகவும் சொன்னார்கள். ரூ. 150 எட்டாம் நாள் கணக்கில் வந்துவிட்டது. திருத்திய அறிக்கை இன்னும் வரவில்லை. கருங்கால் பெட்டையின் தங்கக் கட்டத்தில் கடகநாத் அப்படியே இருக்கிறது.